ஓடுதளத்தில் தங்கிவிட்ட நிழல்

எருக்கலங்குடியிலிருந்து கடைசி விமானம் கிளம்பிப் போனபோது அதன் நிழல் அதனோடு போகவில்லை. சித்திரை மாதத்து உச்சிவெயிலில், ஓடுதளத்தின் நடுவில் நின்று சாமான் ஏற்றிக்கொண்ட விமானம் உறுமி, ஓடி, மூக்கைத் தூக்கி, இலங்கைப் பக்கம் ஒரு புள்ளியாகி, அந்தப் புள்ளியும் இல்லாமல் போன பிறகும், அது நின்ற இடத்தில் இரண்டு இறக்கையும் ஒரு வாலுமாக நிழல் மட்டும் படுத்துக் கிடந்தது. எண்ணெய் சிந்தியிருக்கும் என்று இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பார்த்தார்கள். தண்ணீர் காய்ந்தது, நிழல் காயவில்லை. சூரியன் மேற்கே சாய்ந்தபோது ஊரிலிருந்த மற்ற நிழலெல்லாம் கிழக்கே நீண்டன, இது அசையவில்லை. அதற்குள் ஒரு வெள்ளாடு போய் இடது இறக்கையில் படுத்து அசைபோட ஆரம்பித்துவிட்டது. நிழல் விஷயத்தில் ஆடு ஏமாறாது என்பதால், சரி, நிழல்தான் என்று எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டோம்.

இதைக் கேட்கிற வெளியூர்க்காரர்கள் எல்லோரும் அது எப்படி, ஏன் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஏன் என்று எங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள நேரமும் இருந்ததில்லை. எங்கள் ஊரில் ஏன் மழை பெய்வதில்லை என்பதற்கே இன்னும் பதில் வந்தபாடில்லை. அது யாருடைய நிலத்தில் விழுந்தது என்று கேளுங்கள். அதற்கு எங்களிடம் சுத்தமான பதில் இருக்கிறது.

நிலம் கீழக்குடிக்காரர்களுடையது, அதாவது எங்களுடையது. எழுபத்திரண்டு வீடுகளுக்குச் சொந்தமான நூற்றுப்பத்து ஏக்கர் மானாவாரி மிளகாய்க் காடு. சண்டைக்காலத்தில் ஜப்பான்காரன் வருகிறான் என்று ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் வந்து நாலு பக்கமும் குச்சி ஊன்றினார்; சண்டை முடிந்து ஆறே மாதத்தில் நிலம் திரும்பி வரும் என்று அவர் சொன்னதாக அவர் கூட வந்தவர் சொன்னார். மேலத்தெருக்காரர்களின் நிலம் இதைவிட மேட்டிலும் சமமாகவும் இருந்தது, ஆனால் குச்சி அந்தப் பக்கம் போகவில்லை. எங்கள் ஆட்களே கல் உடைத்து, எங்கள் ஆட்களே சுமந்து, எங்கள் வயலை எங்கள் கையாலேயே கல்லும் சிமெண்டும் போட்டு மூடினார்கள். சடையன் என்கிறவர், தன்னுடைய ஒரு ஏக்கர் பன்னிரண்டு சென்ட் மூடப்பட்ட அன்று கூலி வாங்க வரிசையில் நிற்காமல் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சண்டை முடிந்தது, வெள்ளைக்காரனும் போனான், அந்த ஆறு மாதம் மட்டும் இன்னும் முடியவில்லை.

நிலம் போன அடுத்த வருஷம் சித்திரை முதல் தேதி வந்தது. அன்றைக்குத்தான் வருஷத்தின் முதல் உழவு; நல்லேர் பூட்டுவது என்பார்கள். கீழக்குடிக்காரர்கள் மாட்டைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, ஏரைத் தோளில் தூக்கிக்கொண்டு, வேறெங்கும் போகாமல் நேரே ஓடுதளத்துக்குப் போய்ச் சிமெண்டின் மேல் ஏரைப் பூட்டினார்கள். கொழு கிரீச்சிட்டு, பொறி பறந்து, அவரவர் வயலின் எல்லையைச் சுற்றி ஒரு சால், ஒரே ஒரு சால். மேலத்தெருக்காரர்கள் வரிசையாக நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அடுத்த சித்திரையிலும் உழுதோம், அதற்கடுத்த சித்திரையிலும் உழுதோம், மாட்டை விற்றுவிட்ட வீட்டில் அண்ணனும் தம்பியும் நுகத்தடிக்குத் தோள் கொடுத்தார்கள், புருஷன் இல்லாத வீட்டில் மாமியாரும் மருமகளும் கொடுத்தார்கள். பத்து வருஷத்தில் சிமெண்டில் விரல்கடை ஆழத்துக்குக் கோடு விழுந்துவிட்டது. சிரித்தவர்களும் அலுத்துப்போய் வேறு வேலை பார்க்கப் போனார்கள்.

அதன் பிறகு ஓடுதளத்துக்கு நல்ல காலம் வந்தது. சென்னையிலிருந்து இலங்கைக்குப் பறக்கிற ஒரு விமானக் கம்பெனிக்கு நடுவழியில் எண்ணெய் போட ஓர் இடம் தேவைப்பட்டது, வரைபடத்தில் எங்கள் ஊர் அகப்பட்டது. வாரத்தில் இரண்டு நாள் விமானம் வந்தது. இரண்டு டீக்கடையும் ஒரு சைக்கிள் கடையும் முளைத்தன; காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டும் துணிப்பையை ஊர்த் தையல்காரர் பாவாடை தைக்கிற அளவில் தைத்துக் கொடுத்தார், அது எப்போது பார்த்தாலும் யாரோ தலைகீழாகத் தொங்குவதுபோலவே இருந்தது. விமானம் வராத ஐந்து நாளும் சிமெண்டில் நாங்கள் மிளகாய் காயப்போட்டோம். வருகிற நாளில் எவ்வளவு கூட்டினாலும் நெடி போகாது. இறங்கிய பயணிகளெல்லாம் கோட்டும் சூட்டுமாக நின்று தும்முவார்கள். எருக்கலங்குடி என்றால் தும்மல் என்று கொழும்பு வரைக்கும் பெயர் போயிருந்தது.

மிளகாயைக் கூட்டி, ஆட்டை விரட்டி, தளத்தின் தலைமாட்டில் சிவப்புக் கொடி பிடிக்கிற வேலையில் இருந்தவள் சடையனின் மகள் பூமயில். அவள் கொடியை இறக்கினால்தான் விமானம் இறங்கும். ஒரு வருஷம் சித்திரை முதல் தேதியும் விமானம் வருகிற நாளும் ஒன்றாக வந்துவிட்டது. எழுபத்திரண்டாவது வீட்டுக்காரர் உழுது முடிக்கும்வரை அவள் கொடியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றாள், விமானம் முக்கால் மணி நேரம் தலைக்கு மேலே வட்டமடித்தது. விமானம் இறங்கியதும் கம்பெனி மானேஜர் கீழே குதித்து வேலையை விட்டுத் தூக்கிவிடுவேன் என்று கத்தியிருக்கிறார். உழவு நடக்கிற இடத்தில் வண்டியை விடக் கூடாது என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், உங்கள் ஊரில் சொல்லித் தரவில்லையா என்று இவள் கேட்டாளாம். வேலை போகவில்லை. அந்த வெயிலில் நிற்க வேறு ஆள் கிடைக்காது என்று மானேஜருக்குத் தெரியும்.

இருபது வருஷம் இப்படி ஓடியது. பிறகு நடுவழியில் எண்ணெய் கேட்காத பெரிய விமானங்கள் வந்துவிட்டன. ஒரு கடிதம் வந்தது, கடைசி விமானம் வந்து போனது, நிழல் தங்கிவிட்டது. ஒரே மாதத்தில் டீக்கடை இரண்டும் மூடிக்கொண்டன, பஸ் நாளுக்கு ஒரு நடையாகக் குறைந்தது, துணிப்பை கிழிந்து தொங்கியது, கம்பத்தில் இருந்த விளக்கை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். வெடிப்பில் எல்லாம் சீமைக்கருவேலம் முளைத்தது. அரசாங்கத்துக்கு எங்களையும் தெரியவில்லை, ஓடுதளத்தையும் தெரியவில்லை.

ஆனால் நிழல் இருந்தது. எங்கள் கீழக்குடிப் பக்கத்தில் மரம் என்று இருப்பது கருவேலம். அதன் நிழலில் ஒரு கோழி உட்காரலாம், குஞ்சுகள் வெளியே நிற்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் விடிந்ததிலிருந்து பொழுது அடைகிறவரை நகராத ஒரு நிழல் கிடைத்தால் விடுவோமா. வால் பக்கம் இரண்டாம் வகுப்பு நடந்தது. வலது இறக்கையில் முடிவெட்டினார்கள். கைக்குழந்தைக்காரிகள் வயிற்றுப் பக்கம் தூளிக்குக் கம்பு நட்டார்கள். தபால்காரர் வீடு வீடாகப் போவதை நிறுத்திவிட்டு, இறக்கையின் நுனியில் உட்கார்ந்து பெயர் கூப்பிட்டார். நிழலும் சும்மா இருக்கவில்லை, வருஷத்துக்கு ஒரு முழம் என்று பெருத்துக்கொண்டே வந்தது. ஓடியாடாமல் ஒரே இடத்தில் கிடக்கிற உடம்பு அப்படித்தான் பெருக்கும் என்று அதற்கும் எங்களிடம் காரணம் தயாராக இருந்தது.

முதல் வருஷமே தகராறு வந்தது. மேலத்தெரு முக்கியஸ்தர் சண்முகவேலு பத்துப் பேரோடு வந்து, இறக்கை இரண்டும் எங்களுக்கு, வால் உங்களுக்கு என்று பிரித்துக் கொடுத்தார். பூமயில் நிழலின் மூக்கில் உட்கார்ந்து முறத்தில் காணப்பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். நிழல் விழுந்திருந்தது அவள் அப்பாவின் ஒரு ஏக்கர் பன்னிரண்டு சென்ட்டில். சால் அடித்த கோடு சுற்றிவரத் தெரிந்தது. அவள் எழுந்திருக்காமலேயே பேசினாள்.

"நெலம் எங்கப்பனுது. நெழலு எவனுதோ, அவன் வந்து கேட்டா குடுத்துருவோம். அதுவரைக்கும் யாரு வேணும்னாலும் வந்து உக்காருங்க. ஆனா யாரும் யாரையும் எந்திரின்னு சொல்லக் கூடாது."

சண்முகவேலு வாழ்நாளில் கேட்காத வார்த்தை அது. மேலத்தெருவிலிருந்து ஒன்றரை வருஷம் ஒரு ஈ காக்காய் வரவில்லை. பிறகு ஒரு கொடுமையான கோடையில் அவர்கள் வீட்டு வேம்பெல்லாம் பட்டுப்போய், ஒரு நாள் உச்சிவேளையில் சண்முகவேலு குடை பிடித்துக்கொண்டு வந்து நிழலின் ஓரத்தில் நின்றார். வெகுநேரம் நின்றார். பூமயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அவர் குடையை மடக்கி வைத்துவிட்டு, எங்கள் ஆட்கள் நடுவில், தரையில் உட்கார்ந்தார். மறுநாள் அவர் பெண்டாட்டியும் வந்தார்கள்.

முப்பத்தாறு வருஷம் அந்த நிழலில் குடித்தனம் நடத்திய பிறகு வெயிலில் மின்சாரம் எடுக்கிற கம்பெனி வந்தது. எங்கள் வெயிலைப் பார்த்து ஒருவன் ஆசைப்படுவான் என்று நாங்கள் கனவிலும் நினைத்ததில்லை. நூற்றுப்பத்து ஏக்கரையும் குத்தகைக்குக் கொடுக்க அரசாங்கம் தயார்; நிலம் யார் அனுபவத்திலும் இல்லை என்று கிராம நிர்வாக அலுவலர் ஒரு சான்று எழுதிக் கொடுத்தால் போதும். அந்தச் சான்று மேலே போய்விட்டால் எங்கள் நிலம் பேரன் பேத்தி காலத்துக்கும் போனதுதான், உழுத சாலோடு சேர்த்துக் கம்பிவேலிக்குள் போய்விடும். அலுவலர் தனுஷ்கோடி நல்ல மனிதர், பயந்த மனிதர். பொய் எழுதவும் வரவில்லை, உண்மை எழுதவும் தைரியமில்லை. அனுபவத்தில் இருப்பவர் என்ற இடத்தில் "நிழல்" என்று எழுதி அனுப்பிவிட்டார்.

மேலே இருந்தவர்கள் அதையும் முறைப்படிதான் எடுத்துக்கொண்டார்கள். புறம்போக்கில் ஆக்கிரமிப்பு செய்திருக்கும் நிழல் பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது. ஒட்டச் சுவர் இல்லாததால் மேலே ஒரு கல்லை வைத்துவிட்டுப் போனார்கள். நிழல் காலி செய்யவில்லை. அதற்குள் கம்பெனிக்காரர்கள் விசாரித்து, அந்தப் பழைய விமானம் வடக்கே ஏதோ ஒரு கொட்டகையில் துருப்பிடித்து நிற்பதைக் கண்டுபிடித்து, அதைப் பழுதுபார்த்து, ஓடுதளத்தின் வெடிப்புகளைப் பூசி, அது வந்து தன் நிழலை எடுத்துக்கொண்டு போக ஒரு தேதியும் குறித்துவிட்டார்கள்.

இளவட்டங்கள் தளத்தில் படுத்து மறிக்கலாம் என்றார்கள். சண்முகவேலு, வயசு எண்பதை நெருங்குகிறவர், முதல் ஆளாக நான் படுக்கிறேன் என்றார். பூமயில்தான் வேண்டாம் என்றாள். அறுபது வயசிலும் அவள் குரல் இன்னும் கொடி பிடித்த குரலாகவே இருந்தது.

"நெழலுக்கு உடையவன் வந்து கேக்குறான், குடுத்துருவோம். அடுத்தவன் சொத்து நமக்கு எதுக்கு? அடுத்தவன் சொத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டவங்கன்னு நம்மளை யாரும் சொல்லக் கூடாது. அவங்க சொல்லிக்கிடட்டும் அதை, அவங்க வீட்டுல."

தேதி அன்று உச்சிவேளைக்குச் சரியாக விமானம் வந்தது. பூமயில் கொடி பிடிக்கவில்லை, ஆனால் நாங்களே ஆடுகளை ஓட்டினோம், நாங்களே தூளிக் கம்புகளைப் பிடுங்கினோம். விமானம் இறங்கி, தள்ளாடி வந்து, பழைய இடத்தில் நின்றது. அதற்கு இப்போது நிழல் பெரிய சட்டையாகிவிட்டிருந்தது. கிளம்பியபோது இழுக்க முடியாமல் இழுத்துக்கொண்டு போயிற்று. நிழல் தரையோடு தரையாகப் புரண்டு, ஒவ்வொரு வீட்டுக் கூரையையும் ஏறி இறங்கி, ஒவ்வொரு வாசலிலும் கண நேரம் குளிர்ந்துவிட்டுப் போனது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கையசைத்தார்கள். அழக் கூடாது என்றுதான் இருந்தோம், முடியவில்லை, அழுதோம். முப்பத்தாறு வருஷத்துக்குப் பிறகு அந்த இடத்தில் வெயில் விழுந்தது. கம்பெனிக்காரர்கள் கைதட்டிவிட்டுக் காரில் சாப்பிடப் போனார்கள்.

நாங்கள் போகவில்லை. கீழக்குடியின் வளர்ந்த ஆட்கள் இருநூற்றுப் பதினாலு பேர் ஓடுதளத்தில் ஏறி, அவரவர் சாலுக்குள் அவரவர் வயலில் போய் நின்றோம். காலில் செருப்பு இல்லை, வயலில் செருப்போடு நிற்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. உள்ளங்கால் வெந்தது. ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி. காலடியில் சுருண்டு கிடந்த எங்கள் நிழல்கள் மெல்ல எழுந்து கிழக்கே நீள ஆரம்பித்தன. ஐந்தரை மணிக்கு ஒவ்வொன்றும் பனையளவு நீண்டுவிட்டது. அந்த நேரத்திலும் அண்ணன் தம்பி இரண்டு பேர், உன் நிழலின் தலை என் வயலில் விழுகிறது என்று சண்டை போட்டு, ஒருவர் பத்தடி மேற்கே தள்ளி நின்றார். சண்முகவேலு ஓரத்தில் வந்து நின்று, நானும் வரட்டுமா தாயி என்று கேட்டார். பூமயில் மரியாதையாகத்தான் சொன்னாள்.

"ஒங்க நெலம் ஒங்ககிட்டயே இருக்குய்யா. இது இல்லாதவங்க நிக்கிற எடம்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு தள்ளி நின்றார். பூமயில் குனிந்து தன் நிழலைப் பார்த்தாள். பக்கத்து வயலில் நின்ற எங்களுக்குக் கேட்டது. வெளியூர் போகிறவள் வீட்டில் இருப்பவர்களிடம் சொல்வதுபோல, நீ இரு, நான் போயிட்டு வர்றேன் என்றாள். ஒரு காலைத் தூக்கினாள், மறுகாலைத் தூக்கினாள், திரும்பிப் பார்க்காமல் வீட்டைப் பார்த்து நடந்தாள். நிழல் இருந்தது. எப்படிச் செய்தீர்கள் என்று எங்களைக் கேட்காதீர்கள். கஷ்டமாக இருந்தது, பல் பிடுங்குவதுபோல ஒரு வலி, அவ்வளவுதான். ஒருவர் பின் ஒருவராக இருநூற்றுப் பதினாலு பேரும் விட்டுவிட்டு வந்தோம்.

கம்பெனிக்காரர்கள் மறுநாள் லாரி லாரியாகக் கண்ணாடிப் பலகைகளைக் கொண்டுவந்து நட்டார்கள். எங்கள் நிழல்கள் எழுந்து பலகைகளின் மேலே ஏறிப் படுத்துக்கொண்டன. ஒரு மின்விசிறி சுற்றுகிற அளவுக்குக்கூட மின்சாரம் வரவில்லை. துடைத்தார்கள், கழுவினார்கள், பெரிய பெரிய விளக்கு போட்டுப் பார்த்தார்கள். விமானமாக இருந்தால் தேடிக் கூட்டிவந்து எடுக்கச் சொல்லலாம். எங்களை யார் கூட்டிப்போய் எடுக்கச் சொல்வது? போலீஸ் வந்து சொன்னது. எடுக்கத் தெரியாது என்று சொல்லிவிட்டோம். தனுஷ்கோடி மூன்று நாள் சங்கிலி பிடித்து அளந்தார். ஒரு நிழல்கூட அதன் பழைய சர்வே எல்லையைத் தாண்டவில்லை. நாலாம் நாள் அனுபவத்தில் இருப்பவர் என்ற இடத்தில் எங்கள் இருநூற்றுப் பதினாலு பெயரையும் தகப்பன் பெயரோடு எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்காக அவரைத் தூரத்துக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது ஊரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் போனார்.

நிழல் இல்லாமல் நடப்பது சுகம் என்று சொல்லமாட்டேன். தனியாகக் காட்டுவழி போகும்போது துணைக்கு ஒரு ஆள் குறைகிற மாதிரி இருக்கும். நிழல் விழாத குடும்பம் என்று சில ஊர்களில் எங்களுக்குப் பெண் கொடுக்க மறுத்தார்கள். நிலம் இருக்கிற குடும்பம் என்று கேட்டுக்கொண்டு வேறு சில ஊர்க்காரர்கள் வந்தார்கள். இந்த ஆறு வருஷத்தில் எங்களில் பதினோரு பேர் இறந்துபோனார்கள். அவர்களைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து பார்த்தோம், பதினோரு நிழலும் வயலில் நின்றன.

வழக்கு மதுரையில் நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா பூமயில்தான் முன்னால் போகிறாள். எங்கள் பக்கத்துச் சாட்சியாக, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு சண்முகவேலு வருகிறார். போன மாதம் கோர்ட் வாசலில், வெயிலில் வரிசையாக நின்றிருந்தோம். பெயர் கூப்பிடுகிற டவாலி எங்கள் காலடியைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். ஆளெல்லாம் வந்திருக்கீங்க, ஒங்க நெழலு ஒண்ணையும் காணோமே என்றார்.

பூமயில் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு நாங்க செத்தாலும் நெலத்துல ஆள் நிக்கணும்ல. அதான் விட்டுட்டு வந்திருக்கோம்."